நடுகல்லும் வாசற்கோலமும்

முதலில் சோறு, பிறகுதான் சித்திரம் என்று சொல்வோர் நம்மிடையே பலர். கோயிலுக்கு ஒரு நல்ல படம் எழுதுவிக்க வேண்டும் என்றாலும், பங்கு விழாவில் ஒரு நாடகம் நடத்த வேண்டும் என்றாலும் இந்த வாதம் தவறாமல் எழும். ஏழைகள் வாழும் நாட்டில் கலை ஓர் ஆடம்பரம் அன்றோ, அந்தப் பணத்தை வேறு நற்செயலுக்குச் செலவிடலாகாதா என்பர். பெத்தானியாவில் நறுமணத் தைலக் குப்பி உடைக்கப்பட்டபோதும் ஏறத்தாழ இதே கேள்விதான் எழுந்தது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதத்தை மறுக்க இறையியல் நூல்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. நான் பணியாற்றும் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதியின் பாறைகளே போதுமான சான்று பகர்கின்றன.

ஊத்தங்கரையிலிருந்து ஓசூர் வரை பயணம் செய்தவர்களுக்கு இந்நிலத்தின் இயல்பு தெரியும். காவிரிக் கரையின் நெல்வளம் இங்கில்லை. மொட்டைப் பாறைகள், முட்புதர்க் காடுகள், வானத்தை நம்பிய கேழ்வரகுக் கொல்லைகள், இடையிடையே ஏரிகள். பழங்காலத்தில் இங்கு மாடே செல்வம். மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்றொரு பொருள் தமிழில் உண்டு. பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர், சோழர், போசளர் என எத்தனையோ அரசுகளின் எல்லைகள் இந்த மேட்டு நிலத்தில்தான் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. பகை மூண்டால் முதலில் ஓட்டிச் செல்லப்படுவது மந்தை. மந்தை போனால் ஊர் பட்டினி. ஆகவே மந்தையை மீட்கச் சென்றவன் அரசனின் பெருமைக்காகச் சண்டையிடவில்லை. தன் வீட்டு அடுப்புக்காகச் சண்டையிட்டான்.

சோறு போதாத இந்த நிலத்தில்தான், தமிழகத்து நடுகற்களில் பெரும் எண்ணிக்கையானவை கிடைத்துள்ளன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் முதல் இயக்குநராக விளங்கிய இரா. நாகசாமி அவர்களின் காலத்தில், 1970களில், செங்கம், தருமபுரி வட்டாரங்களில் ஊர் ஊராகத் தேடி இக்கற்கள் கண்டறியப்பட்டன. வட்டெழுத்தில் இருந்த வாசகங்கள் படியெடுக்கப்பட்டு, ‘செங்கம் நடுகற்கள்’ என்று நூலாகவும் வெளிவந்தன. கற்களில் அரசர்களின் ஆட்சியாண்டு குறிக்கப்பட்டிருந்ததால் பல்லவர் வரலாற்றை ஆய்ந்தவர்களுக்கு இவை பெரும் கருவூலமாயின. ஆனால் அரசனின் ஆண்டைச் சொல்வதற்காக எவரும் இக்கற்களை நடவில்லை. இறந்துபோன தங்கள் பிள்ளையின் முகம் மறைந்துவிடக் கூடாது என்பதற்காக நட்டார்கள்.

எடுத்தனூர்க் கல் ஒன்றை மட்டும் இங்கு சற்று நின்று பார்ப்போம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரைக்கு அப்பால், செங்கம் வட்டாரத்தில் கிடைத்த கல் அது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நட்டது. கருந்தேவகத்தி என்னும் இளைஞன் தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்தான் என்கிறது வாசகம். கல்லில் அவன் ஆயுதம் ஏந்தி நிற்கிறான். அவனருகே ஒரு நாய் நிற்கிறது. வீரனின் பெயரோடு செய்தியை முடித்திருக்கலாம். ஊரார் முடிக்கவில்லை. கோவிவன் என்னும் பெயருடைய அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்ற செய்தியையும் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

இந்தக் கல்லில் பெயர் இடம்பெறும் மகேந்திரவர்மன் யார்? செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தவன். ‘மத்தவிலாசம்’ என்னும் வடமொழி நகைச்சுவை நாடகத்தை எழுதியவன். சித்திரகாரப்புலி என்ற பட்டத்தைத் தனக்குச் சூட்டிக்கொண்டவன். கலை வரலாற்று நூல்களில் அவனுக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு, அது தகும். அதே அரசனின் ஆட்சியில், அவன் பெயரையே முதல் வரியில் தாங்கி, ஓர் எருமை மந்தைக்காரனுக்கு எழுந்த இந்தக் கல், அளவில் சிறியது. செதுக்கிய முறையும் எளியது. மாமல்லபுரத்துச் சிற்பங்களோடு வைத்து ஒப்பிட்டால் நில்லாது. ஆயினும் மண்டகப்பட்டில் எனக்குக் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது. ஒரு நாயின் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி அதனை அழைத்த குரல்கள் அந்த ஊரில் இருந்தன என்ற நினைவு. அரசவைக் கலைஞன் எவனுக்கும் தோன்றியிராத ஓர் அன்பு அது.

ஒரு கல்லை நடுவது அக்காலத்தில் எளிய செயலன்று. தொல்காப்பியத்தின் புறத்திணையியல் இதனை ஆறு நிலைகளாக வகுத்துள்ளது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அதனைக் கொள்ளத் தொடங்குவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, நட்டு நிறுத்துவது நடுகல், படையலிடுவது பெரும்படை, இறுதியில் வாழ்த்து. இந்த ஆறிலும் சிற்பியின் உளி விழும் நேரம் மிகச் சிறிது. மற்றவை யாவும் ஊராரின் வேலை. மலைக்குச் சென்றவர்கள், கல்லைச் சுமந்தவர்கள், நீர் வார்த்த பெண்கள், பாடியவர்கள் ஆகிய அனைவரும் சேர்ந்தே ஒரு நடுகல்லைச் செய்தார்கள். குருமடத்தில் அருளடையாளங்களைப் பற்றிப் படித்தபோது, பொருளும் சொல்லும் கூடியிருக்கும் மக்களும் சேர்ந்தே ஓர் அடையாளம் நிறைவு பெறுகிறது என்று கற்றோம். அந்தப் பாடம் எனக்கு முழுமையாக விளங்கியது இந்தக் கற்களைப் பார்க்கத் தொடங்கிய பின்னரே. நாம் இன்று கலைப்பொருள் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பது ஒரு பெரிய ஊர்ச் செயலின் எஞ்சிய துண்டு மட்டுமே.

இந்த வழக்கம் மிகப் பழையது. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேராசிரியர் கா. இராசன் குழுவினர் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். கிறிஸ்து பிறப்பதற்கு முன் நட்டவை அவை. அவற்றில் உருவம் இல்லை; ஆகோள் பற்றியும் இறந்தவன் பற்றியும் சில சொற்கள் மட்டுமே. உருவம் பின்னர் வந்தது. நம் பக்கத்துத் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் நடுகல் எடுத்தார்கள். பெருங்கொடைகளையே ஏற்க மறுத்தவன் சிறு கலத்தில் வார்க்கும் கள்ளையா ஏற்பான் என்று ஔவையார் வருந்தும் பாடல் புறநானூற்றில் இருக்கிறது. ஆக, அரசனுக்கும் எருமைக்காரனுக்கும் ஒரே வகைக் கல். இந்தச் சமன்மை எனக்கு வியப்பளிக்கிறது. பிற்காலத்தில் அரசர்கள் பெருங்கோயில்களின் பக்கம் சென்றுவிட்டார்கள். நடுகல் சாதாரண மக்களுடையதாகவே நின்றுவிட்டது.

மொழி எல்லையும் இதனைத் தடுக்கவில்லை. ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் வழியில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகி, பேகூர் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள நாகேசுவரர் கோயிலில் கி.பி. 890ஆம் ஆண்டையொட்டிய ஒரு வீரக்கல் வாசகம் உண்டு. பெங்களூர் என்னும் பெயர் நமக்குத் தெரிந்தவரையில் முதன்முதலாக எழுத்தில் வருவது அதில்தான். இன்று உலகமெங்கும் ஒலிக்கும் அந்த மாநகரின் பெயரைக் காத்துக் கொடுத்தது அரண்மனைச் சாசனம் அன்று; பெங்களூரில் நடந்த ஒரு சண்டையில் இறந்த ஒருவனின் நினைவுக்கல்.

மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல் இன்னும் நெஞ்சைத் தொடுவது. கி.பி. 949-950இல் நட்ட அக்கல் இப்பொழுது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் கங்க மன்னன் பூதுகனும் தக்கோலப் போரில் சோழரை வென்ற செய்தி அதில் இருக்கிறது. பூதுகனின் வீரன் மணலேரன், தன் வீரத்துக்குப் பரிசாகக் கேட்டது நிலமோ பொன்னோ அன்று. காளி என்னும் வேட்டை நாயை. அந்த நாய் ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு பொருது, இரண்டும் மடிந்தன. அதற்காகக் கல் எடுத்து, அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டார்கள். நாயும் பன்றியும் மோதும் காட்சியைக் கல்லில் காணலாம். எடுத்தனூர்க் கோவிவனும் ஆதகூர்க் காளியும் மூன்று நூற்றாண்டு இடைவெளியில், இரண்டு மொழிகளில், ஒரே வகையில் நினைக்கப்பட்டிருக்கின்றன. மாநில எல்லைகளைப் பற்றி நாம் சண்டையிடும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு நாய்களின் நினைவு வரும்.

கர்நாடகத்து வீரக்கற்கள் பலவற்றில் அடுக்குகள் உண்டு. கீழே போர், நடுவில் தேவமகளிர் வீரனை மேலே அழைத்துச் செல்லும் காட்சி, உச்சியில் தான் வணங்கிய இறைவன் திருமுன் அவன் அமர்ந்திருக்கும் நிலை. ஓசூர்ப் பகுதியிலும் இத்தகைய அடுக்குக் கற்களைக் காணலாம். 13ஆம் நூற்றாண்டில் சூளகிரிக்கு அருகிலுள்ள குந்தாணியிலிருந்து ஆண்ட போசள இராமநாதன் கன்னட அரசமரபினன். அவன் பெயரால் இப்பகுதியில் பொறித்த கல்வெட்டுகளோ பெரும்பாலும் தமிழில் உள்ளன. கலையின் வடிவம் அங்கிருந்து இங்கு வந்தது. மொழி இங்கிருந்து அங்குச் சென்றது.

இவ்வளவும் சொன்னபின் ஓர் உண்மையை மறைப்பது முறையன்று. இக்கற்களுள் சதிக்கற்களும் உள்ளன. கணவனோடு எரிந்த பெண்ணின் வளையணிந்த கை உயர்ந்து நிற்பதாக அவற்றில் காட்டியிருக்கும். அந்தக் கை அழகாகவே செதுக்கப்பட்டிருக்கிறது. அதுவே என்னைக் கலக்குகிறது. ஒரு கொடுமையைக் கண்ணுக்கு இனியதாக ஆக்கித் தரவும் கலையால் முடியும். மேலும், மந்தைக்காகச் செத்தவனுக்குக் கல் உண்டு. மகப்பேற்றில் செத்தவளுக்கு இக்கற்களிடையே இடம் இல்லை. கல்லைச் செதுக்கியவனின் பெயரும் பொதுவாக இல்லை. கலை என்றவுடன் அது தூயது, உயர்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு போற்றுவோர் இதையும் பார்க்க வேண்டும். கலை மனிதனுக்கு அன்றாடத் தேவை என்று நான் சொல்வது, அது எப்போதும் நல்லது என்ற பொருளில் அன்று. உப்பைப்போலத் தேவை என்ற பொருளில் சொல்கிறேன். அளவு தவறிய உப்பும் உண்டு.

இத்தனை நூற்றாண்டுகள் இக்கற்களைக் காத்தவர்கள் யார்? அரசு அன்று, அறிஞர் அன்று. எழுத்தைப் படிக்கத் தெரியாத உழவரும் ஆயருமே. வீரனின் பெயர் மறந்துபோன பிறகும், வேடியப்பன் என்று அவனுக்குப் புதுப்பெயர் இட்டு, எண்ணெய் பூசி, மஞ்சள் குங்குமம் வைத்து, ஆண்டுக்கொருமுறை பொங்கலிட்டுக் காத்தார்கள். எண்ணெய் ஏறி எழுத்து மங்கியது என்று ஆய்வாளர் சிலர் குறைபட்டுக்கொள்வதுண்டு. அந்த எண்ணெய் இல்லையென்றால் கல் எப்போதோ படிக்கல்லாகியிருக்கும் என்பதே என் கருத்து.

இன்று இந்நிலத்தின் முகம் மாறிவிட்டது. ஆலைகளின் நிலமாகிவிட்டது. உண்மையில் இந்த மண்ணுக்கு இரும்புத் தொழில் புதிதன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு, கி.மு. 2172ஆம் ஆண்டைச் சார்ந்தது என்னும் அறிவியல் காலக்கணிப்பு 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதே மாவட்டத்தின் மல்லப்பாடியில், பாறையில் வெண்ணிறத்தால் தீட்டிய குதிரை வீரர்களின் உருவங்கள் உள்ளன. சூளகிரிப் பக்கத்து மல்லச்சந்திரத்தில், பெருங்கற்காலத்தார் தங்கள் இறந்தோருக்காகப் பலகைக் கற்களால் எழுப்பிய கல்திட்டைகள் ஒரு குன்றின் மேல் கூட்டமாக நிற்கின்றன. உழைப்பதும் வரைவதும் இறந்தோரை நினைப்பதும் இங்கு தொன்றுதொட்டுத் தொடரும் பழக்கங்கள்.

1971இல் தொடங்கிய சிப்காட் நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. 1980களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகிய நிறுவனங்களின் ஆலைகள் இயங்கத் தொடங்கின. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று; 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. தருமபுரி, திருவண்ணாமலை, சேலம் எனப் பல மாவட்டங்களிலிருந்தும், அண்மைக் காலத்தில் பீகார், ஒடிசா, அசாம் போன்ற தொலைவு மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து குவிகிறார்கள். கைபேசி உறுப்புகள் செய்யும் ஆலைகளில் வேலை செய்யும் இளம் பெண்கள் விடுதிகளில் ஆயிரக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள்.

இந்நகரத்தின் ஒரு பொருளைக் கொண்டு கலையின் அன்றாட ஆற்றலை விளக்கலாம். ஓசூரில் செய்த டைட்டன் கைக்கடிகாரத்துக்குத் தொலைக்காட்சி விளம்பரம் வந்தபோது அதனோடு ஓர் இசை ஒலித்தது. 1773இல் சால்ஸ்பர்க் நகரில், 17 வயது இளைஞராக இருந்த மொசார்ட் எழுதிய 25ஆம் சிம்பொனியின் முதற்பகுதி அது. மொசார்ட்டின் பெயரையே கேட்டறியாத எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த மெட்டு மனப்பாடம். மணி பார்க்கும் கருவியை விற்பவனுக்கும் தெரிந்திருக்கிறது, பல் சக்கரங்களின் துல்லியத்தை மட்டும் சொன்னால் மனிதன் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று. கலை தேவையில்லை என்று நமக்குச் சொல்லும் வணிக உலகம், தன் சரக்கை விற்க அதனையே நம்புகிறது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த இசை நல்ல இசை. ஆனால் அதை நாம் கேட்கிறோம், அவ்வளவுதான். நம் கை அதில் இல்லை.

நம் கை விலகிவிட்டதைக் குறித்து மிகுந்த கவலையோடு எழுதியவர் ஆனந்த குமாரசாமி. தந்தைவழியில் ஈழத்தமிழரான அவர் 1877இல் கொழும்பில் பிறந்தவர். கண்டிப் பகுதியின் கைவினைஞர்களை நேரில் கண்டு ஆய்ந்து 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். பின்னாளில் அமெரிக்காவின் போஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றி, 1947இல் மறைந்தார். அருங்காட்சியகத்தில் வேலை செய்துகொண்டே, அங்கு வைத்திருக்கும் பொருள்கள் யாவும் ஒரு காலத்தில் மக்கள் பயன்படுத்திய பொருள்களே என்பதை அவர் ஓயாமல் நினைவூட்டினார். தண்ணீர் மொண்ட செம்பும், தானியம் அளந்த படியும், வழிபட்ட உருவமும் தங்கள் வேலையை இழந்த பிறகே கலைப்பொருள் என்ற பெயரைப் பெறுகின்றன. அவர் பழமையைச் சற்று மிகையாகவே போற்றினார்; சதிக்கல்லின் முன் என்னால் அவரோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. ஆனால் உழைப்பையும் அழகையும் பிரித்தது மனிதனுக்கு இழைத்த தீங்கு என்று அவர் கண்டது சரியே.

நம் திருவிவிலியமும் இவ்விரண்டையும் பிரிக்கவில்லை. விடுதலைப் பயண நூலின் 31ஆம் அதிகாரத்தில், கடவுளின் ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று கடவுளாலேயே பெயர் சொல்லிக் குறிக்கப்படுபவர் ஒரு கைவினைஞர்: யூதா குலத்துப் பெட்சலேல். பொன், வெள்ளி, வெண்கலம் ஆகியவற்றில் வேலை செய்யவும், கல் வெட்டவும், மரம் செதுக்கவும் அவருக்கு ஞானம் தரப்படுகிறது. எகிப்தில் செங்கல் சுமந்த அடிமைக் கூட்டம் அது. இன்னும் நாடு இல்லை, வீடு இல்லை. உண்பதற்கு அன்றன்று விழும் மன்னாவைத் தவிர வேறில்லை. அந்தப் பாலைவனத்தில்தான் கல் வெட்டும் கைக்கு ஆவியானவர் அருளப்படுகிறார். முதலில் சோறு, பிறகு சித்திரம் என்ற வரிசை அங்கும் காணப்படவில்லை.

ஓசூரின் புறநகர்களில், ஒரே கூரையின் கீழ் எட்டும் பத்துமாக வாடகை அறைகள் கட்டி விட்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அறைக்கு ஒரு கதவு. கதவுக்கு முன் இரண்டடி சிமெண்டுத் தரை. அதை ஒட்டிச் சாக்கடை. இரவுப் பணி முடிந்து கணவர் திரும்பும் வேளையில் மனைவி அந்த இரண்டடியில் புள்ளி வைத்துக் கொண்டிருப்பார். அடுத்த வாசலில் தெலுங்குக் குடும்பம். அவர்களுக்கு அது முக்கு. அதற்கடுத்த வாசலில் கன்னடக் குடும்பம், அவர்களுக்கு ரங்கோலி. மதியத்துக்குள் காலடி பட்டு அழிந்துவிடும் என்று மூவருக்கும் தெரியும். இல்லச் சந்திப்புக்குச் செல்லும்போது கோலத்தை மிதிக்காமல் தாண்டிச் செல்ல நான் கற்றுக்கொண்டேன். வாடகை வீடு, சொந்தமில்லாத சுவர், ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். அந்த இரண்டடித் தரை மட்டுமே அவர்கள் கை பட்ட இடம்.

ஆயுதபூசை நாளில் பட்டறைகளில் கடைசல் எந்திரத்துக்குச் சந்தனம் வைத்து, வண்ணக் காகிதம் ஒட்டி, வாழைக்கன்று கட்டுகிறார்கள். நெடுஞ்சாலையில் விரையும் லாரிகளின் நெற்றியில் தாமரையும் மயிலும் மூன்று மொழி எழுத்துகளும். கோடையில் கிருஷ்ணகிரி, தருமபுரிச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின் பாரதக் கூத்து பல நாள்கள் தொடர்கிறது. தரையில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் படுகளம் நடக்கும்போது, ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டு ஊர் திரும்பிய இளைஞர்களைக் கூட்டத்தில் காணலாம். இவற்றையெல்லாம் கலை என்று சொல்ல நமக்குத் தயக்கம் இருக்கிறது. எடுத்தனூரில் கல் நட்டவர்களும் தாங்கள் கலை செய்வதாக எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒன்றை நாம் இழந்துவிட்டோம். நடுகல் பெரும்பாலும் அவன் வாழ்ந்து இறந்த மண்ணிலேயே நின்றது. இந்த நகரில் உழைக்க வந்து, எந்திரத்திலோ சாலையிலோ நோயிலோ இறப்பவர்களின் உடல் அன்றிரவே ஆம்புலன்சில் சொந்த ஊருக்குச் சென்றுவிடுகிறது. மறுநாள் அவன் நின்ற இடத்தில் வேறொருவன் நிற்கிறான். வாடகை அறை ஒரு வாரத்துக்குள் கைமாறுகிறது. பத்தாண்டு, இருபதாண்டு உழைத்த ஊரில் அவனுடைய முகத்தைக் காட்ட ஒரு கீறலும் மிஞ்சுவதில்லை. எருமைக்காரனுக்கும் அவன் நாய்க்கும் நினைவு செய்த மண் இது. இம்மாவட்டத்தின் கருங்கற்கள் பலகைகளாக அறுபட்டு, மெருகேறி, வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. தென்னிந்தியக் கருங்கல் ஐரோப்பாவின் கல்லறைகளை அலங்கரிக்கிறது. இங்கேயே செத்தவனுக்கு ஒரு சாண் கல் இல்லை.

உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளில், முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் தங்கள் இறந்தோரின் கல்லறைப் பலகைகளில் மீன், புறா, நங்கூரம் ஆகியவற்றை வரைந்தார்கள் என்பதை நாம் அறிவோம். அதிகம் பேசப்படாத ஒன்று, அவர்கள் தொழிற்கருவிகளையும் கீறி வைத்தார்கள் என்பது. கொத்தனாருக்குக் கொத்தனாரின் கருவி; தச்சருக்குத் தச்சரின் கருவி. எழுத்தறியாத உறவினர் வந்தாலும் இது எவருடையது என்று தெரிய வேண்டும் அல்லவா?

எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்தில், சொந்த ஊருக்கு எடுத்துச் செல்ல வழியில்லாமல் இங்கேயே அடக்கம் செய்த ஓர் இளைஞரின் குழி உள்ளது. கல்லறைத் திருநாளுக்கு முன்பு, அவரோடு கடைசல் பட்டறையில் வேலை செய்த நண்பர்கள் வந்து தாங்களே சிமெண்டு குழைத்து ஒரு சிலுவை செய்தார்கள். அவர்களில் கிறிஸ்தவர் இருவர் மட்டுமே. ஈரம் காயும் முன் ஒருவர் தம் பையிலிருந்து பதினான்காம் எண் ஸ்பேனரை எடுத்து, சிலுவையின் அடியில் பெயருக்குக் கீழே அழுத்தி எடுத்தார். அதன் அச்சு தெளிவாக விழுந்திருக்கிறது. கைப்பிடியில் இருந்த எண்கூடத் தெரிகிறது. பங்குப் பேரவையில் ஒருவர், கல்லறையில் இதெல்லாம் எதற்கு, பூசி மறைத்துவிடலாமே என்றார். மற்றவர்கள் சிறிது நேரம் பேசினார்கள். பூச வேண்டாம் என்று முடிவாயிற்று. சென்ற நவம்பர் 2ஆம் நாள் நான் குழிகளை மந்திரித்துக்கொண்டு சென்றபோது, அந்த அச்சின் பள்ளத்தில் யாரோ மெழுகுவத்தியைச் சரிவாக நிறுத்தி ஏற்றி வைத்திருந்தார்கள்.